கூட்டக் குறிப்பில் பதினாலாம் பொயின்ற்

"இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், எதிர்வரும் யூலை மாதம் பதினோராம் திகதி முற்பகல் 9.07 எனும் சுபவேளை தொடக்கம், தில்லைமுனைப் புகையிரத நிலையத்தில் எந்த மனிதனாலும் தவறு செய்ய முடியாது."

மூன்று மொழிகளில், வழுவழுப்பான தாளில், நிலையத்துச் சுவரில் இந்த அறிவித்தல் ஒட்டப்பட்டபோது அதன் வரலாற்று முக்கியத்துவத்தை உடனே உணர்ந்தவர் முத்தலிப் ஒருவர்தான். ஏறாவூர்க்காரர். நிலையத்தில் எல்லோருக்கும் 'காக்கா', மூத்த அண்ணன். முப்பது வருடமாக அங்கே புகையிரதப் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டும் வேலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப பிழை உட விரும்புற ஆக்கள் ஒம்பது ஆறுக்குள்ள உட்டு முடிச்சிரணும் போல, மிஸ்," என்றார்.

மிஸ் என்பது பிறிசில்லா பல்தசார். சிக்னல் பிரிவின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கிக் குடும்பம். வயது நாற்பத்தாறு. சிரிப்பு வரும் இடத்தில் சிரிக்காமல் இருப்பதற்கு அரசாங்க சேவை அவருக்கு இருபத்திரண்டு வருடப் பயிற்சி கொடுத்திருந்தது. அந்தப் பயிற்சி அன்றைக்குக் கைகொடுக்கவில்லை.

தில்லைமுனையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். வாவிக் கரையில் ஒரு பக்கம் கண்டற்பற்றை, மறுபக்கம் நெல் வட்டை, நடுவில் நிலையம். நாளொன்றுக்கு நாலு கோச்சி வந்துபோகும். ஐந்தாவது வந்தால் தண்டவாளத்தில் படுத்திருக்கும் எருமைகள் அதைச் சட்டவிரோதம் என்று கருதும். உலகத் தரம் வாய்ந்த கணினிக் கட்டுப்பாட்டு முறைமையை நாட்டில் முதன்முதலாக நிறுவ இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று கருத்திட்டக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. முறைமையின் பெயர் 'அபயம் 2.0'. அபயம் 1.0 ஐக் கண்டவர் எவருமில்லை. அதற்காகக் குழுவைக் குறைசொல்வது நியாயமல்ல. இரண்டில் இருந்து தொடங்கத் துணிவு வேண்டும்.

அபயத்துக்குப் பாதைகளைச் சொல்லிக்கொடுப்பது பிறிசில்லாவின் வேலை. 'பாதை மூன்று' என்றால் வெளிச் சிக்னலில் இருந்து முதலாம் மேடை வரை. அந்தப் பாதையில் கோச்சி வருவதற்கு எந்தப் பொயின்ற் எந்தப் பக்கம் கிறுகியிருக்க வேண்டும், எந்தக் கேட் பூட்டியிருக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பொயின்ற் என்பது தண்டவாளம் பிரியும் இடத்தில் இங்குமங்கும் அசையும் இரும்பு நாக்கு. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சில்லு போகும்.

அந்தக் கட்டங்களில் ஒன்றுக்குப் 'பாதுகாப்புப் பொயின்ற்' என்று பெயர். தில்லைமுனையில் பிரதான பாதைக்கு அருகே ஒரு பக்கப் பாதை உண்டு. கருங்கல் ஏற்றும் பெட்டியொன்று அதில் வெறுமையாக நிற்கும். கோச்சி வரும் நேரம் பார்த்து அது உருண்டு வந்தால் நேரே கோச்சியின் விலாவில் இடிக்கும். இடிக்க விடாமல், உருண்டு வருவதை ஒரு மணல்மேட்டுக்குள் திருப்பிவிடுவதுதான் பதினாலாம் பொயின்ற். அது மணலைப் பார்த்து நிற்கிறது என்று உறுதியானால் ஒழிய அபயம் பச்சை கொடுக்காது. மென்பொருளை எழுதியவர்கள் பயந்தவர்கள். ஆகவே நல்லவர்கள்.

இவ்வளவு அருமையான ஏற்பாட்டில் ஒரேயொரு சிறு குறைதான் இருந்தது. பதினாலாம் பொயின்ற் இல்லை.

முற்றாக இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வந்து இறங்கியது. மரப்பெட்டி உடைபடாமல் களஞ்சிய அறையில் கிடந்தது. தேநீர்க் கோப்பை வைப்பதற்கு அளவான உயரம். பூட்ட முடியாமற்போனதற்குக் காரணம், மணல்மேடு வரவேண்டிய இடத்தில் அடிக்கல் நின்றது. இதே கருத்திட்டத்துக்கு, திறப்பு விழாவுக்கு வரவிருந்த இதே பிரதம அதிதி, இரண்டு வருடத்துக்கு முன்னர் நாட்டிய கல். வாவிக் காற்று வரும், படத்துக்கு வெளிச்சம் நல்லது என்று அந்த இடத்தைத் தெரிவுசெய்திருந்தார்கள். கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் அவருடைய பெயரும், பெயருக்கு முன்னால் உள்ளவையும், பின்னால் உள்ளவையும். கருத்திட்டம் மக்களின் பாதுகாப்புக்காக. அடிக்கல் கருத்திட்டத்துக்காக. ஆகவே முதலில் பாதுகாக்கப்பட வேண்டியது அடிக்கல்தான் என்பதைக் குழு கண்டுபிடித்தது.

அதுவரை அந்தக் கருங்கல் பெட்டியைத் தடுத்து வைத்திருந்தது முத்தலிப்பின் முறைமை. முன்சில்லுக்கு ஒரு கல், பின்சில்லுக்கு ஒரு கல், நடுவில் சங்கிலி போட்டுப் பூட்டு. முப்பது வருடத்தில் பெட்டி ஒரு சாண் அசைந்ததில்லை. அபயத்தில் 'கல்' என்றொரு கட்டம் கிடையாது.

யூலை ஒன்பதாம் திகதி இறுதி மீளாய்வுக் கூட்டம் கூடியது. தலைமை, கருத்திட்டப் பணிப்பாளர் ஞானச்செல்வம். ஒரு பிரச்சினையை அவர் மேசையில் வைத்தால், எடுக்கும்போது அது 'சவால்' ஆகியிருக்கும். மறுநாள் 'வாய்ப்பு' ஆகிவிடும். அவருக்கு வலப்பக்கம் விழா இணைப்பாளர் றுமானா, மடிக்கணினியோடு.

"முன்னேற்றம் எத்தனை வீதம்?" என்றார் பணிப்பாளர்.

"நூறு வீதம், சேர்," என்றார் றுமானா.

"எஞ்சிய வேலை?"

"நாலு வீதம், சேர்."

"நல்லது. ரெண்டையும் குறிச்சுக்கொள்ளுங்க."

பிறிசில்லா கையை உயர்த்தினார். "சேர், பாதை மூண்டுக்குப் பச்சை விழாது. பதினாலாம் பொயின்ற் இன்னும் பூட்டல்ல."

"பூட்டியாச்சே, மிசிஸ் பல்தசார்." பணிப்பாளர் கோப்பொன்றைப் புரட்டினார். "மே மாதக் கூட்டக் குறிப்பு, பந்தி ஆறு. 'பதினாலாம் பொயின்ற் பொருத்தப்பட்டுள்ளதாகச் சபைக்கு அறிவிக்கப்பட்டது.' நீங்களும் வந்திருக்கிறீங்க. கையெழுத்து இருக்கு."

"அது வரவுக் கையெழுத்து, சேர். பொயின்ற் களஞ்சியத்தில கிடக்கு. இப்ப வரக்குள்ளயும் அதுக்கு மேல வச்சித்தான் தேத்தண்ணி குடிச்ச நான்."

பணிப்பாளர் பேனையை மெல்லக் கீழே வைத்தார்.

"இது பாரதூரமான விசயம்."

"ஓம் சேர். அதத்தான் நானும் சொல்லுறன்."

"அரச சொத்துக்கு மேல தேத்தண்ணி வைக்கிறது."

அந்தப் பாரதூரமான விசயம் தீர்வதற்குப் பதினைந்து நிமிடம் எடுத்தது. இனிமேல் கோப்பைக்கு அடியில் தட்டு வைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகுதான் மற்ற விடயம் எடுக்கப்பட்டது.

பாதுகாப்புப் பொயின்ற் கட்டத்தில் அபயம் மூன்று விடைகளை ஏற்றுக்கொள்ளும். 'தேவை.' 'தேவையில்லை.' 'நேரில் பார்த்து உறுதிப்படுத்தப்பட்டது.' தேவை என்று போட்டால், எங்கே பொயின்ற் என்று கேட்டுக்கொண்டு சிவப்பிலேயே நிற்கும். தேவையில்லை என்று போட்டால் பச்சை விழும், ஆனால் திரையின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு எச்சரிக்கையாக ஓடும்.

"மஞ்சள் வேணாம், சேர்," என்றார் றுமானா. "பிரதம அதிதிர சால்வையும் மஞ்சள். படத்தில ரெண்டும் ஒண்டாக் கலந்திரும்."

"அப்ப மூண்டாவது. மிசிஸ் பல்தசார், நீங்க நேரில பார்த்ததா உறுதிப்படுத்துறீங்க."

"எதப் பார்த்ததா, சேர்?"

"பொயின்ற்ற."

"எங்க பாக்கிற?"

"களஞ்சியத்தில கிடக்கு எண்டு நீங்களே இப்ப சொன்னீங்க. பார்த்திருக்கிறீங்க. இனி உறுதிப்படுத்துறதில என்ன தடை?"

"எந்தப் பக்கம் பார்த்து நிக்குது எண்டும் அது கேக்குது, சேர்."

"கிடக்கிற பக்கத்த எழுதுங்க."

பிறிசில்லா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கோப்பைக்கு அடியில் தட்டு இருந்தது. "சேர், பக்கப் பாதைப் பெட்டி உருண்டா விழாவுக்கு வாற விசேட கோச்சியில இடிக்கும். கோச்சிக்குள்ள சனம் இருக்கும்."

"எத்தனை பேர்?" என்று பணிப்பாளர் றுமானாவைக் கேட்டார்.

"இருநூற்றிப் பன்னிரண்டு, சேர். பாடசாலை பேண்ட் வாத்தியக் குழு, மாதர் சங்கம், வர்த்தக சங்கம். எல்லாம் உறுதி. பகல் சாப்பாடும் சொல்லியாச்சி."

"பாருங்க, எல்லாம் ஒழுங்கா இருக்கு."

"ரெண்டு கிழமை தள்ளி வைப்பம், சேர். அடிக்கல்லக் கொஞ்சம் அங்கால அரக்கினா..."

அரக்கினா என்ற சொல் காதில் விழுந்ததும் மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் தங்கள் தங்கள் தொலைபேசியைப் பார்த்தார்கள். றுமானாதான் மெதுவாகச் சொன்னார்: "சுபவேளைய அரக்க ஏலா, மிஸ். இது போனா மறுகா தையிலதான்."

பணிப்பாளர் புன்னகைத்தார். "மதவாச்சியில தொழில்நுட்ப உத்தியோகத்தர் வெற்றிடம் ஒண்டு இருக்கு. அங்கத்த வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா, மிசிஸ் பல்தசார்?"

பிறிசில்லாவுக்கு மட்டக்களப்பில் ஒரு வீடு இருந்தது. படுக்கையில் ஒரு தாய் இருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொய்க்கும் போடாத ஒரு கையெழுத்தும் இருந்தது. மூன்றையும் ஒரு கணம் யோசித்தார்.

"நான் கையெழுத்து வைக்க மாட்டன், சேர்," என்றார்.

அன்றைய கூட்டக் குறிப்பு, பந்தி நான்கு: 'மிசிஸ் பல்தசார் கொள்கையளவில் இணங்கினார்.'

மறுநாள் நிலையம் அலங்கரிக்கப்பட்டது. பக்கப் பாதையில் நிற்கும் துருப்பிடித்த பெட்டி படத்தில் விழும் என்பதால், அதை மறைக்க இருபது அடி நீளமும் பன்னிரண்டு அடி உயரமுமான ஒரு பதாகையை பெட்டிக்குள் மூங்கில் நட்டு அதன்மேல் நிமிர்த்திக் கட்டினார்கள். 'பாதுகாப்பே எமது உயிர்மூச்சு.' கல்லும் சங்கிலியும் பழைய நிருவாகக் கலாசாரத்தை நினைவூட்டின என்பதால் அகற்றப்பட்டன.

முத்தலிப் பதாகையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். வட்டைப் பக்கம் திரும்பி மூக்கை உயர்த்தினார்.

"றுமானா புள்ள, இது யூலை மாசம். கச்சான் காத்துக் கிளம்பினா இது பெட்டியில்ல, பாய்த்தோணி."

"காத்துப் போக ஓட்டை போட்டிருக்கம், காக்கா."

"எத்தின?"

"ரெண்டு."

"எவ்வளவு பெரிசு?"

றுமானா விரலால் வட்டம் காட்டினார். ஒரு முறுக்கு அளவு. அதற்கு மேல் போட்டால் எழுத்துக் கெட்டுவிடும் என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார்களாம்.

பின்னேரம் பிறிசில்லா முத்தலிப்பை மெதுவாகக் கூப்பிட்டார். "காக்கா, விடியக் கல்ல மட்டும் திருப்பி வச்சிருங்க. ஆரும் பாக்க மாட்டாங்க."

"ஏலா மிஸ். நாளைக்குப் பொலிஸ் நிக்கும். பெரிய மனிசர் வாற இடத்தில கல்லுக் கொண்டு திரியிறவன என்னெண்டு நினைப்பான்?"

முத்தலிப் தாடியைத் தடவினார்.

"சோத்துப் பையில வச்சிக் கொண்டு வாறன்," என்றார்.

பதினோராம் திகதி காலை எட்டே முக்காலுக்குக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்த பிறிசில்லா, திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பாதை மூன்று, பாதுகாப்புப் பொயின்ற் பதினான்கு: 'நேரில் பார்த்து உறுதிப்படுத்தப்பட்டது. பி. பல்தசார். மு.ப. 7.42.'

இதில் மர்மம் எதுவுமில்லை. எல்லா உத்தியோகத்தரின் கடவுச்சொற்களும், வெளிப்படைத்தன்மையை முன்னிட்டு, ஒரே தாளில் தட்டச்சாகிக் கணினியின் நெற்றியில் ஒட்டப்பட்டிருந்தன.

"சேர், என்ட பேர்ல ஆரோ உறுதிப்படுத்தியிருக்காங்க."

"ஆரோ இல்ல, நீங்கதான். பேர் போட்டிருக்கே," என்றார் பணிப்பாளர், கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி.

"ஏழு நாப்பத்திரண்டுக்கு நான் பஸ்ஸில ஒத்தக் கால்ல நிண்ட நான், சேர்."

"பார்த்தீங்களா! நீங்க எங்க நிண்டாலும் வேலை நடக்குது. அபயத்தின்ட சிறப்பே அதுதான்."

பிறிசில்லா விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினார். பணிப்பாளர் அதை ஒரு பட்டுத் துணியால் மூடினார். இனிமேல் பிரதம அதிதியைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாதாம்.

ஒன்பது மணிக்குப் பிரதம அதிதி வந்தார். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. திரி மூன்று தடவை அணைந்தது. நான்காவது தடவை நாலு பேர் கையைக் குவித்துக் காத்தார்கள். விளக்கு ஏன் அணைகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பிறிசில்லாவின் தொலைபேசி துடித்தது.

"மிஸ், கச்சான் கிளம்பிட்டு," என்றார் முத்தலிப். பின்னால் பதாகை படபடப்பது கேட்டது. "பெட்டி முனகுது."

"கல்லு?"

"பொலிசுக்காரன் சோத்துப் பைய வாங்கி வச்சிருக்கான். ஏன் இவ்வளவு பாரம் எண்டு கேக்கான்."

"என்ன சொன்னீங்க?"

"மாட்டிறச்சி எண்டு சொன்ன நான். நம்புறானில்ல."

அறைக்குள் பணிப்பாளர் உரையாற்றிக்கொண்டிருந்தார். இந்த மண்ணில் இன்று மனிதத் தலையீடு முடிவுக்கு வருகிறது என்றார். கைதட்டினார்கள். சரியாக 9.07க்குப் பட்டுத்துணி நீக்கப்பட்டது. மாலை போட்டு வைத்திருந்த சுட்டெலியைப் பிரதம அதிதி மூன்று விரலால் பிடித்து அழுத்தினார். அபயம் தன் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஒன்பதாம் பொயின்ற் சரி. கேட் பூட்டு. பதினாலாம் பொயின்றை பி. பல்தசார் நேரில் பார்த்திருக்கிறார். பக்கப் பாதை வெறுமை. பக்கப் பாதையில் ஒரு பெட்டி நிற்பதை அபயத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பக்கப் பாதை பாவனையில் இல்லை என்று மார்ச் மாதக் கூட்டக் குறிப்பு சொல்லியிருந்தது.

பச்சை விழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தூரத்தில், இருநூற்றிப் பன்னிரண்டு பேரோடு, விசேட கோச்சி கூவிக்கொண்டு வெளிச் சிக்னலைத் தாண்டியது.

தொலைபேசி மறுபடி துடித்தது. "மிஸ், பெட்டி வெளிக்கிட்டுட்டு!"

திரையில் ஒன்றும் அசையவில்லை. அதைவிட நிம்மதியான திரையை உலகம் கண்டிருக்காது.

மேசையின் மறுமுனையில், கண்ணாடி மூடிக்குள், 'அனைத்தும் சிவப்பு' என்றொரு பொத்தான் இருந்தது. அதற்கும் பிறிசில்லாவுக்கும் நடுவில் பிரதம அதிதி நின்றார். அவரைச் சுற்றிக்கொண்டு போவதற்கு நேரம் போதாது. பிறிசில்லா அவருடைய மஞ்சள் சால்வைக்குக் குறுக்கே பாய்ந்து, மூடியை உடைத்து, பொத்தானைக் குத்தினார்.

திரை முழுவதும் சிவந்தது.

வெளியே, மேடைக்கு முன்னாலுள்ள சிக்னலும் சிவந்ததும், கோச்சியின் தடை கிறீச்சிட்டது. முந்நூறு யார் தூரம் தள்ளி, புகை விட்டுக்கொண்டு, அது நின்றது. அதே நேரத்தில் முத்தலிப் பொலிசுக்காரனின் கையிலிருந்து பையைப் பறித்துக்கொண்டு ஓடினார். உயிர்மூச்சு காற்றில் விம்மிப் புடைக்க உருண்டு வந்த பெட்டியின் முன்சில்லுக்குள் பையை எறிந்தார். கல்லும், சோறும், உண்மையாகவே இருந்த மாட்டிறைச்சியும் சில்லுக்கடியில் போயின. பெட்டி ஒருதரம் ஏறிப் பார்த்தது. பிறகு இறங்கி நின்றது. பிரதான பாதைக்கு இன்னும் நாலு எட்டு இருந்தது.

இதை ஒருவரும் காணவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொலிசுக்காரன் கண்டான். ஆனால் அவன் கண்டது ஒரு மனிதன் பெட்டிக்குக் கல்லெறிந்ததைத்தான்.

"ஏன் சிவப்பு?" என்று கேட்டார் பிரதம அதிதி.

"மங்கள நிறம், சேர்," என்றார் பணிப்பாளர்.

அபயத்தைத் திரும்பவும் பச்சையாக்க இருபத்துநாலு நிமிடம் எடுத்தது. அதற்குள் சுபவேளை முடிந்துவிட்டது. பிரதம அதிதி கோச்சியைக் காணாமலே போனார்.

அடுத்த கிழமை மூவரடங்கிய விசாரணைக் குழு கூடியது. குற்றச்சாட்டு: பிரதம அதிதியால் பச்சையாக்கப்பட்ட பாதையை முன் அனுமதியின்றிச் சிவப்பாக்கியமை. குழுவின் செயலாளர், கருத்திட்டப் பணிப்பாளர் ஞானச்செல்வம். நடந்தவை எல்லாம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு.

முதலில் முத்தலிப்பை அழைத்தார்கள்.

"கல்லுக் கொண்டுவர அனுமதி எடுத்தீங்களா?" என்று கேட்டார் தலைவர், ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்.

"இல்ல சேர். பெட்டியும் என்னக் கேட்டுட்டு வெளிக்கிடல்ல."

"பெட்டி அசைஞ்சது எண்டு எப்படித் தெரியும்?"

"கண்ணால கண்ட நான்."

"திரையில அப்பிடி ஒண்டும் பதிவாகல்லையே."

"திரை அறைக்குள்ள இருந்தது, சேர். பெட்டி வெளியில நிண்டது."

செயலாளர் எழுதினார்: 'சாட்சி நவீன முறைமைகளில் பரிச்சயமற்றவர்.'

பிறகு பிறிசில்லா.

"பெட்டி முதல் நிண்ட இடத்தில இருந்து அறுபது அடி தள்ளி நிக்குது, சேர். இப்பவும் போய் அளக்கலாம்."

"முதல் நிண்ட இடத்துக்கு ஆவணம் இருக்கா?"

"ஆவணத்தில பெட்டியே இல்ல, சேர்."

தலைவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அப்ப, இல்லாத பெட்டி எப்படி அசையும், மிசிஸ் பல்தசார்?"

"கோச்சிக்குள்ள இருநூற்றிப் பன்னிரண்டு பேர் இருந்தாங்க, சேர். அவங்களக் கூப்பிட்டுக் கேளுங்க."

"கேட்டம். எல்லாருக்கும் கடிதம் போட்டம். இருபத்துநாலு நிமிசம் பிந்தின சாப்பாட்டப் பத்தித்தான் முறைப்பாடு. ஆருக்காவது காயம்?"

"இல்ல."

"ஒரு கீறல்?"

"இல்ல, சேர்."

"அப்ப நீங்க எதத் தடுத்தீங்க?"

பிறிசில்லாவுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அறிக்கை அறுபத்துநாலு பக்கம். முறைமையின் செயற்றிறனை அது பத்தி பத்தியாகப் பாராட்டுகிறது. பணிப்பாளரின் முன்மாதிரியான தலைமைத்துவத்துக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. பின்னிணைப்பில் நிழற்படங்கள். முடிவு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

கோச்சியில் வந்த இருநூற்றிப் பன்னிரண்டு பேரும் உயிரோடு இருந்தபடியால், பிறிசில்லா பல்தசார் குற்றவாளியாகக் காணப்பட்டார்.